எலக்கான்

தமிழ் படிக்கத் தெரிந்த பெருமக்களே, ஒரு சுவரைப் பார்க்க வாருங்கள்.

தொலைவில்லை. ரிங்லெட்டிலிருந்து தேயிலை மலைக்குப் பிரியும் சாலையில் ஏறுங்கள். காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டினால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மூன்றாம் லயம். அதில் நான்காவது வீடு. அடுப்படிச் சுவரில், நெஞ்சளவு உயரத்தில், நான்கு இடங்களில் சோற்றுப்பசை காய்ந்து கிடக்கிறது. பசையோடு பசையாகத் தாளின் துணுக்குகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. அங்கே பதினைந்து நாள் ஒரு தாள் இருந்தது. கொடுத்தவர் ஒருவர், பார்க்காமல் போனவர் பலர். ஒருத்தி அதில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் நடந்தாள். அவள் கணவன் செத்துப்போனான்.

இதைக் கொலை என்று எந்தக் காவல் நிலையமும் எழுதிக்கொள்ளாது. அதனால்தான் நீங்கள் வர வேண்டியிருக்கிறது.

அவன் பெயர் வேலப்பன். ஐம்பத்து மூன்று வயது. இரண்டாள் மிஷினில் கொழுந்து வெட்டுகிறவன். வில்லாய் வளைந்த நீண்ட அலகு, அதன் பின்னால் தூளிபோலத் தொங்கும் துணிப்பை. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இன்ஜின் இருக்கிற பக்கம்தான் கனம். பதினாறு ஆண்டுகளாக அந்தக் கனம் வேலப்பனுடைய தோளில் இருந்தது. எதிர்ப்பக்கம் மகேன், இவனைவிடப் பதினைந்து வயது இளையவன், வாய் ஓயாதவன். இருவர் காலும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் பதிய வேண்டும். ஒருவன் பின்தங்கினால் அலகு சாய்ந்து, கொழுந்தோடு முற்றிய இலையையும் குச்சியையும் சேர்த்து அறுத்துவிடும். பனி மூடிய காலையில், எதிரில் இருப்பவனின் முகம் தெரியாதபோதும், இன்ஜின் இரைச்சலில் குரல் கேட்காதபோதும், அவன் காலடியை இரும்பின் அசைவிலேயே உணர்ந்து நடக்கிற வேலை அது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வேலப்பனின் கால் வீங்கியது. மாலையில் ரப்பர் பூட்ஸைக் கழற்ற அவன் மனைவி மணியம்மா குதிகாலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சிறுநீர் சவர்க்கார நுரையாய்ப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

இளம் மருத்துவர் ஒருவர் மலாயிலும் ஆங்கிலத்திலுமாகச் சொன்னதில் மூன்று செய்திகள் அவர்களுக்குப் புரிந்தன. கிட்னி இரண்டும் பழுதாகிவிட்டன. மாத்திரையை விடக்கூடாது. இப்படியே போனால் மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் படுத்து, மிஷின் வைத்து இரத்தத்தைக் கழுவ வேண்டிவரும். எழுந்து வெளியே வந்தபோது ஒரு தாதி பின்னாலேயே வந்து, ஒரு தாளை மணியம்மாவின் கையில் வைத்தாள். நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அவள் பேச்சும் ஓட்டமாகத்தான் வந்தது.

“மக்கனான் இனி, மக்சிக். கெனா இக்குத்.”

சாப்பாட்டு விவரம் இது, அம்மா; இதைப் பின்பற்ற வேண்டும். மணியம்மாவுக்கு இந்த மலாய் நன்றாகப் புரிந்தது. லோரி புறப்படும்போது யார் கூட வருகிறீர்கள் என்று கேட்பதும் இக்குத்தான். சொன்னபடி செய் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதட்டுவதும் இக்குத்தான். தலையாட்டினாள். தாதி ஒரு பெரிய புத்தகத்தைத் திருப்பி, விரல் வைத்த இடத்தில் கையெழுத்துக் கேட்டாள். மணியம்மா, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள், கோணலில்லாமல் தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தார்கள். நகலின் நகல் அது. ஒன்பது படங்கள்: வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு, பூசணி, இளநீர், பப்பாளி, கடைசியில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக பிலிம்பிங், குறுக்கே அறுத்தால் நட்சத்திரமாய்த் தெரியுமே, அந்தப் பழம். ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடுகள் ஓடின. அசல் தாளில் அவை சிவப்புப் பெருக்கல் குறிகளாக இருந்தனவாம். மை மங்கி மங்கி, நிழல் விழுந்ததுபோல அவை மாறிவிட்டன. கீழே பொடி எழுத்தில் நான்கைந்து வரிகள். தலையில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்.

மலாயை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள்; மணியம்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். “எ...ல...க்கான். எலக்கான்.”

“எலக்கானா?” வேலப்பன் சிரித்தான். “எல, காய்னு போட்டிருக்கான் புள்ள. உள்ள நம்மாளு எவனோ இருக்கான்.”

“போங்க. மலாய்ல எழுதுனா எல, காய்னு வருமா?”

“ஏன் வராது? கடைய எடுத்துக் கெடைன்னு வெச்சுக்கலயா? கப்பல எடுத்துக் காப்பால்னு சொல்லலயா? எலய மட்டும் விட்டுருவானா லா?”

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அறிந்த மலாய் பசாரிலும் லோரியிலும் கற்றது. அங்கே கூடாது என்பதற்கு ஒரே சொல், ஜாங்ஙான். தொடாதே, போகாதே, தின்னாதே, எதற்கும் ஜாங்ஙான்தான். ஒருவேளை இது கூடாத பட்டியலாக இருக்குமோ என்று அவளுக்கும் தோன்றியது. பெருமக்களே, தோன்றியது. தாளின் தலையிலிருந்து கால்வரை விரலை ஓட்டி அந்தச் சொல்லைத் தேடினாள். இல்லை. இருமுறை தேடினாள். இல்லவே இல்லை. பிறகுதான் சோற்றுப்பருக்கையை நசுக்கித் தாளைச் சுவரில் ஒட்டினாள்.

மூன்றாம் நாள் ஞாயிறு. ரிங்லெட்டில் ஒரு மண்டபத்தில் இலவச உடல்நலக் கூட்டம் என்று லயமெங்கும் பேச்சு. பேச வந்தவன் ஜெகதீஸ்வரன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். பதினெட்டு வயதில் மலையிறங்கி, கழுத்துப்பட்டையும் திரைப்படக் கருவியுமாகத் திரும்பி வந்தவன். பச்சைக் காய்கறி, பச்சைப் பழம். இருபத்தொரு நாள் சாறு மட்டும். சோறில்லை, உப்பில்லை, அடுப்பில் ஏறிய எதுவுமில்லை. உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்றான். அவன் பொய்யனல்லன். தன் தாயின் சர்க்கரை இறங்கியதைக் கண்ணால் கண்டவன். ஒருத்திக்கு வாய்த்ததை ஊருக்கே மருந்தாக்கியவன்.

கழுவுதல் என்ற சொல்லைக் கேட்டதும் வேலப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று நாளாக அவனை உறங்கவிடாத சொல் அது. கூட்டம் முடிந்ததும் மணியம்மா மேடையருகே போனாள். வீட்டுக்காரருக்குக் கிட்னி என்றாள். ஆஸ்பத்திரியிலேயே காயும் பழமுமாகப் படம் போட்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

“பாத்தீங்களாக்கா?” என்றான் ஜெகதீஸ்வரன். “அவங்களுக்கே தெரியும். வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. அதையே நீங்க சாறாக் குடுங்க. மாத்திரைய நிறுத்திருங்க, ரெண்டும் உள்ள போயி சண்ட போடும்.”

மேடையில் காட்டிய சாறு மிஷினையே துடைத்துப் பெட்டியில் போட்டு, நோய் தீர்ந்த பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும் என்று தந்தான். தாராளமானவன். ஆனால் அந்தத் தாளைக் காட்டுங்கள் என்று அவன் கேட்கவில்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திரும்பும் வழியில் வேலப்பன் மனைவியிடம் பேசியதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. “வாரத்துல மூணு நாளு கீழ போயிப் படுத்துக்கிட்டா இங்க எவன் மிஷின் தூக்குவான்? ஒரு மாசம் பொறுத்துப் பாப்பானுங்க. அப்புறம் ஆபீஸ் கிராணி வந்து நிப்பான். வேல இல்லன்னா வீடு இல்ல மணி. எங்கப்பன் செத்தது இந்த வீட்டுல, நம்ம மக தனுஜா பொறந்தது இந்த வீட்டுல, ஒரு செங்கல்லுகூட நம்மளுது இல்ல. இருபத்தோரு நாளு நாக்கக் கட்டிட்டா எல்லாம் சரியாப் போவும்னா, கட்டிட்டுப் போறேன்.”

சாறு நோன்பு என்றுதான் ஜெகதீஸ்வரன் சொன்னான். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இருபத்தொரு நாள், உப்பில்லை, சோறில்லை என்று கேட்ட காது அதை விரதமாகவே கேட்டது. செவ்வாய்க்கிழமை விடியலில் தலைக்குக் குளித்து, தோட்டத்து முனியாண்டி கோயிலில் மஞ்சள் கயிற்றால் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டான் வேலப்பன். காப்பு ஏறிவிட்டால் நாள் முடியாமல் இறக்கக் கூடாது. மருந்து என்றால் பாதியில் நிறுத்தலாம். விரதத்தை நிறுத்த முடியுமா?

காய்கறிக்குப் பஞ்சமில்லை. மகேனின் மனைவி, லெம்பா பெர்த்தாம் என்ற பள்ளத்தாக்கில், காய்கறி கட்டுகிற கொட்டகையில் வேலை செய்கிறாள். வெடித்த தக்காளி, வால் பிளந்த கேரட், ஓட்டை விழுந்த கீரை என்று கழித்ததை ஒரு சாக்கில் போட்டு அனுப்பினாள். மகேன் அதை இறக்கி வைத்து, “நல்லாக் கழுவுங்கண்ணி, மருந்தடிச்ச காய். தோட்டத்துக்காரன் வீட்டுக்குன்னு தனிப் பாத்தி வெச்சிருக்கான், அவன் பொண்டாட்டி இதத் தொடமாட்டா” என்றான்.

மணியம்மா கழுவினாள். உப்புத் தண்ணீரில் ஒருமுறை, மஞ்சள் தண்ணீரில் ஒருமுறை, பிறகு குழாயடியில், ஒவ்வொரு இலையாக, முன்னும் பின்னும் தேய்த்து. மலைத் தண்ணீரின் குளிரில் விரல் நுனிகள் மரத்து வெளுத்தன. உருளைக்கிழங்கைப் பச்சையாய்ப் போட்டபோது சாறு சற்று நேரத்தில் கறுத்தது. அதற்கு இளநீர் விட்டாள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் டம்ளரில் நீட்டினாள். தன் புருஷனுக்கு விஷம் வராமல் காப்பதற்கு ஒரு பெண் என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அத்தனையும் செய்தாள்.

வேலப்பன் மூச்சுப் பிடித்துக் குடித்து, பச்சையான மீசையைத் துடைத்தான். பெரட்டுக்களத்தில் மகேன் வழக்கம்போலக் கேட்டான்: “பசியாறியாச்சாண்ணே?”

“எங்க ஆற? ஊத்தித்தான் வெச்சிருக்கேன்.”

“வாயத் தொறங்க பாப்போம். ஐயோ, ஆட்டுக்கடா வாசம். பாத்துண்ணே, கொழுந்த வெட்டச் சொன்னா மேஞ்சுறப் போறீங்க.”

மண்டோரும் சிரித்தான். அந்த முதல் நான்கு நாள் அந்த வீட்டில் சிரிப்பு இருந்ததை மறைக்கக் கூடாது. உப்பை நிறுத்தியதாலோ என்னவோ கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. பூட்ஸ் தானாகக் கழன்றது. மணியம்மா அந்தக் கணுக்காலை அழுத்திப் பார்த்து, குழி விழவில்லை என்று அண்டை வீட்டுக்குச் சொல்லிவந்தாள். ஜொகூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் மகள் தனுஜா தொலைபேசியில் அழைத்தபோது, அப்பா ஜூஸ்தான் குடிக்கிறார், ஆஸ்பத்திரியில் சொன்ன ஜூஸ் என்றாள். நல்லதும்மா, இங்கேயும் எல்லாரும் அதைத்தான் குடிக்கிறார்கள் என்று மகள் மகிழ்ந்தாள். பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளை. தாளைப் படமெடுத்து அனுப்பு என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

ஏழாம் நாள் திங்கள். காலையிலேயே தூறல். தேயிலை வரிசைகளுக்கிடையே மண் வழுக்கியது. பத்து மணிக்கு மேல் அலகு ஒரு பக்கமாய்ச் சாயத் தொடங்கியது. மகேன் குரல் கொடுத்தும் அலகு நிமிரவில்லை. தன் முனையைச் செடிமேல் சாய்த்துவிட்டு, சுற்றி ஓடி இன்ஜினை அணைத்துப் பார்த்தால், வேலப்பன் நின்றபடியே நின்றிருந்தான். காலைத் தூக்கச் சொன்னால் தூங்குகிறது என்றான். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றான். மகேன் இன்ஜின் பக்கத்துக்கு மாறிக்கொண்டான். அன்று அறுத்த கொழுந்தில் பாதி குச்சி. மண்டோர் அள்ளிப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. திட்டாமல் போனதுதான் வேலப்பனைச் சுட்டது.

மணியம்மா ஜெகதீஸ்வரனை அழைத்தாள். கழிவு இறங்குகிறது என்று அவன் விளக்கினான். எறும்பு ஊர்ந்தால் இரத்தம் சுத்தமாகிறது என்று பொருள். தளர்ந்தால் உடம்பு வேலை செய்கிறது என்று பொருள். இப்போதுபோய் நிறுத்தினால் கழிவெல்லாம் திரும்ப ஏறிவிடும். அவனுடைய நூலில் எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் இருந்தது. தப்பு என்ற பொருள் மட்டும் இல்லை.

அன்று இரவு மணியம்மா அவன் சொன்னதை மீறி கொஞ்சம் அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். உப்புப் போடவில்லை, ஒரு வாய் குடியுங்கள் என்றாள். வேலப்பன் வலது கையைத் தூக்கி மஞ்சள் கயிற்றைக் காட்டினான்.

“இத அறுக்கச் சொல்றியா?”

அவள் கஞ்சியை எடுத்துப்போய் வாளியில் ஊற்றினாள்.

வேலப்பன் வேலைக்குப் போகாத இரண்டாம் நாள் கிராணி வந்தார். கையில் குடையுடன் அடுப்படி வரை வந்து நின்றார். சாறு மிஷினைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், நல்ல பழக்கம்தான் என்றார், எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்டார். அவர் காலை முதல் மாலை வரை மலாய்க் கடிதம் படிக்கிறவர், எழுதுகிறவர். தாள் அவர் தோளிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருந்தது. ஒருமுறை தலையைத் திருப்பியிருந்தால் போதும்.

இதற்கிடையே மணியம்மாவை வேறொன்று அரித்தது. ஒன்பதில் எட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். ஒன்பதாவது, எல்லாவற்றிலும் பெரிதாகப் படம் போட்டது, பிலிம்பிங், இந்தக் குளிரில் விளையாது. பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, அதில்தான் குணம் இருக்கும். அதைக் கொடுக்காததால்தான் இவருக்குத் தெம்பு வரவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். முழுதாகப் பின்பற்றாதது தன் குற்றம் என்றே நம்பினாள். ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஷஹாபுதீன் பாயிடம் சொல்லிவிட்டாள். அவருடைய லோரி சாமான் ஏற்றக் கீழே பீடோருக்குப் போகும். பத்தாம் நாள், வியாழன் காலை, ஒரு பை நிறையப் பிலிம்பிங் வந்தது. பொன்னிறம், விளிம்பில் பச்சை, மெழுகு பூசியதுபோல மினுமினுப்பு. அறுத்ததும் பலகை முழுக்க நட்சத்திரங்கள்.

“இப்ப எல்லாம் சேந்துருச்சுங்க” என்று நீட்டினாள். காலையில் ஒரு டம்ளர். மதியம் ஒரு டம்ளர். இத்தனை நாளில் இதுதான் வாய்க்கு ருசியாக இருக்கிறது என்று அவன் சொன்னான்.

நான்கு மணிக்கு விக்கல் தொடங்கியது.

தனுஜா நினைக்கிறாள் என்றாள் மணியம்மா. தண்ணீர் கொடுத்தாள், சீனி கொடுக்கலாமென்றால் விரதம். மூச்சை அடக்கச் சொன்னாள். விடிந்தும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மகேன் எட்டிப் பார்த்தான். திடுக்கிட வைத்தால் விக்கல் ஓடிவிடும் என்பது லயத்து வைத்தியம். அவன் முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டு, “அண்ணே, உங்க மிஷின வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றான்.

வேலப்பன் அவனை நெடுநேரம் பார்த்தான். விக்கல் உடம்பையே தூக்கிப் போட்டது. பிறகு சொன்னான், “மகேன் வந்தா... பெட்ரோல் ஊத்தச் சொல்லு.”

மகேனின் முகம் மாறியது. மணியம்மா எழுந்தாள். பிலிம்பிங்கில் இரண்டு சாதி உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊறுகாய்க்குப் போடுகிற சின்னப் புளிப்புச் சாதியும் அதே பெயர்தான். மாற்றிக் கொடுத்துவிட்டோமோ? படத்தில் உள்ளதும் பாய் அனுப்பியதும் ஒன்றுதானா? தாளை ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு வந்துவிடலாம். சோற்றுப்பசை விடவில்லை, மூலைகள் கிழியக் கிழியப் பிய்த்தெடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவனருகே உட்கார வைத்துவிட்டு, மகேனின் மோட்டோவில் ஏறினாள். மழை வலுத்துவிட்டது. தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மண் சரிந்த வளைவொன்றில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றதால், கடையை அடையும்போது மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று.

பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் மகள் அஃபிஃபா இருந்தாள். ஆசிரியர் கல்லூரியில் படிப்பவள், விடுமுறைக்கு வந்தவள். மணியம்மா ஈரக் கையைத் துடைத்துத் தாளை விரித்தாள்.

“இந்தப் படத்துல இருக்கறதும் ஒங்க வாப்பா அனுப்புனதும் ஒரே சாதியா, கொஞ்சம் பாரும்மா.”

அஃபிஃபா பார்த்தாள். “ஒண்ணுதான் ஆன்ட்டி. பெரிய பிலிம்பிங்.” பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பினாள். “இது யாருக்கு?”

“ஒங்க அங்கிளுக்கு. கிட்னி. பதினோரு நாளா இதத்தான் சாறு புழிஞ்சு குடுக்கறேன்.”

“இதையா?”

“ஒம்பதும். எல, காய்னு மேலயே போட்டிருக்கே. எலக்கான்.”

அந்தப் பெண் தலைப்பின் மேல் விரலை வைத்தாள். “ஆன்ட்டி, இது எலாக்கான். தவிர்க்கணும்னு அர்த்தம். ஜாங்ஙான்தான், படிச்சவங்க எழுதற ஜாங்ஙான். இதுல எதையும் அவங்க தொடக் கூடாது.” விரல் கடைசிப் படத்துக்குக் கீழே நகர்ந்தது. “பிலிம்பிங்குக்குத் தனியா எழுதியிருக்கு. கிட்னி கெட்டவங்களுக்கு... விஷம்னு.”

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மணியம்மா அந்தத் தாளை மடித்தாள்; மறுபடி விரித்தாள்.

“கெனா இக்குத்னு சொன்னாளேம்மா” என்றாள். “நான் இக்குத்தானே பண்ணேன்.”

தொழுகை முடிந்து வந்த ஷஹாபுதீன் ஒரே பார்வையில் தாளையும் மகளையும் பார்த்தார். கடையை அஃபிஃபாவிடம் விட்டு வேனை எடுத்தார். லயத்து வீட்டில் வேலப்பன் படுக்கையில் கிடந்து வலிப்பில் இழுத்துக்கொண்டிருந்தான். கை ஒருபுறம், கால் ஒருபுறம் வெட்டியது. மணியம்மா பலகையில் கிடந்த கத்தியை எடுத்தாள். பிலிம்பிங் அறுத்த கத்தி. பழச்சாறு அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. புருஷனின் மணிக்கட்டைப் பிடித்து மஞ்சள் கயிற்றை அறுத்தாள்.

ஷஹாபுதீனும் மகேனுமாகத் தூக்கி வேனில் கிடத்தினார்கள். பின்னிருக்கையில் அவன் தலை அவள் மடியில் இருந்தது. மலையிறங்கும் சாலையில் வளைவுக்கு ஒரு விக்கல், விக்கலுக்கு ஒரு வளைவு. எத்தனையாவது வளைவு என்று யாருக்கும் தெரியாது, ஓரிடத்தில் நின்றது. ஏறக்குறைய ஒரு நாளாக அந்த உடம்பை உலுக்கியது நின்றதும் மணியம்மாவின் தோள் தளர்ந்தது. அவள் மூச்சை விட்டாள்.

“நின்னுருச்சு பாய்” என்றாள்.

ஷஹாபுதீன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வண்டியின் வேகத்தை அவர் குறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஹாரன் அடிக்கவுமில்லை.

கருமாதிக்கு முன்பே தனுஜா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, தாயையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வருந்துவதாகச் சொன்னார். பெரிய புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து தேதியைத் தேடி எடுத்தார். அந்த நாளுக்கு நேராக முத்திரை: உணவுமுறை நோயாளிக்கு விளக்கப்பட்டது. அதற்கு நேராகக் கையெழுத்து. அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது, யாருடைய பெயர் இது என்று கேட்டார்.

மணியம்மா என்ற ஐந்து எழுத்தைப் படிக்க அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. எலாக்கான் என்ற ஒரு சொல்லைப் படிக்க அவள் வீட்டில் ஆளில்லை. ஆனால் ஒரே ஒரு பக்கம்தான் பாயில் சுருட்டிக் கொண்டுபோகப்பட்டது. மறுபக்கத்திடம் முத்திரை இருக்கிறது.

தனுஜாவுக்கு விடுப்பு முடிந்தது, போய்விட்டாள். மிஷினில் இன்ஜின் பக்கம் இப்போது மகேனுடையது, எதிரில் ஒரு நேப்பாளி இளைஞன், இருவருக்கும் பேச மொழியில்லை, மகேன் பேசுவதில்லை. ஜெகதீஸ்வரன் துக்கத்துக்கு வந்தான், உண்மையாகவே அழுதான், சாறு மிஷினை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த மாதம் பிரிஞ்சாங்கில் கூட்டமாம்.

நேற்றுக் காலை மணியம்மாவின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்ட அலுவலகத்து உறை. உள்ளே ஒரே தாள், மூன்று பத்தி, அடியில் முத்திரை, முழுதும் மலாய். கொண்டுவந்த பையன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான். அவள் எழுத்துக் கூட்டினாள். வேலப்பன் என்ற பெயர் தெரிகிறது. ரூமா என்று ஒரு சொல் வருகிறது, வீடு. இருக்கலாம் என்கிறார்களா, இறங்கு என்கிறார்களா? ஜாங்ஙான் எங்கும் இல்லை. இல்லை என்பதால் இப்போது அவள் எதையும் நம்புவதில்லை. சுவரிலும் ஒட்டவில்லை. அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெருமக்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மலாயில் சிறப்புத் தேர்ச்சி பெற்றதைப் பத்திரிகையில் படம் போட்டு மகிழ்ந்தீர்களே, அந்தப் பிள்ளைகளை எழுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு மலையேறுங்கள். மாலை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு கதவையும் தட்டி, சுவரில் ஒட்டியதையும் பெட்டியில் மடித்து வைத்ததையும் மாத்திரை உறையின் மேல் அச்சடித்ததையும் கேட்டு வாங்குங்கள். உரக்கப் படியுங்கள். தமிழில் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிறகு அதே பிள்ளைகளோடு மருத்துவமனைக்குப் போய், தமிழில் அச்சடித்த தாளைக் கையில் கொடுக்கும்வரை அந்த வரிசையை விட்டு நகராதீர்கள்.

மூன்றாம் லயம், நான்காவது வீடு. நீங்கள் படிக்க வேண்டிய முதல் தாள் அவள் முந்தானையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.